சிம்பிடியம் இலையில் புள்ளியா? மருந்துக்கு முன் மார்க்கர் பேனாவை எடுங்கள்

குன்னூரில் ஆர்கிட் வளர்ப்பவர்களுக்கு ஐப்பசி பிறந்தாலே ஒரு கவலை. வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிடும், நாள் முழுக்க மூட்டம் இருக்கும், ராத்திரிக் குளிர் 12 டிகிரிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சிம்பிடியம் என்ற ஆர்கிட் வகை பூந்தண்டு விட இந்தக் குளிர்தான் வேண்டும். ஆனால் இலையில் கறுப்புப் புள்ளி பரவுவதும் இதே நேரத்தில்தான்.

எங்கள் தெருவில் யார் வீட்டுச் செடியில் புள்ளி வந்தாலும் இலையைக் கிள்ளிக்கொண்டு என் வராந்தாவுக்கு வருவார்கள். வந்ததும் "எந்த மருந்து அக்கா அடிக்கணும்?" என்றுதான் கேட்பார்கள். நான் பதிலுக்கு "புள்ளி வளருதா, அப்படியே நிக்குதா?" என்று கேட்பேன். பலருக்கும் அதற்கு விடை தெரியாது. அது தெரியாமல் அடிக்கிற மருந்து பாதி நேரம் வீண்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு சி.டி. மார்க்கர் போதும். இலையை அழுத்தாமல், புள்ளியின் விளிம்பை ஒட்டி மெல்லிய கோடு போடுங்கள். தொட்டியில் செருகியிருக்கும் பெயர் அட்டையில் தேதியை எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புள்ளி கோட்டுக்குள்ளேயே இருந்தால் அது பெரும்பாலும் நோய் இல்லை. கோட்டைத் தாண்டியிருந்தால் வேலை இருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் அந்த ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது. புள்ளி ஈரமாக, வெந்த இலை மாதிரி கண்ணாடித்தன்மையோடு இருந்து, விரல் வைத்தால் அமுங்கி, நாற்றமும் அடித்தால் அது பாக்டீரியா அழுகல். ஓரிரு நாளில் குருத்துவரை இறங்கிவிடும். பார்த்த அன்றே வெட்டுங்கள்.

வளராத புள்ளிகளில் அதிகம் பார்ப்பது வெயில் சுட்டது. நான்கைந்து நாள் மூட்டத்துக்குப் பிறகு திடீரென்று பளிச்சென்று வெயில் அடிக்கும் பாருங்கள், அன்றைக்குத்தான் இது நடக்கும். இலை வளைந்து மேலே தெரியும் இடம் முதலில் வெளுக்கும், பிறகு காய்ந்து காகிதம் போல் பழுப்பாகும். அதை அப்படியே விட்டுவிடலாம், மீதி இலை செடிக்கு உதவும். இலை நுனி மட்டும் காய்ந்தால் உரத்தின் உப்பு தேங்கியிருக்கலாம், அல்லது வேர் கெட்டிருக்கலாம். தொட்டியில் நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, அடி வழியாக வடியவிட்டுப் பாருங்கள்.

இனி வளரும் புள்ளிகள். இலையைத் திருப்பி, கைப்பேசியின் டார்ச்சை அடியில் பிடியுங்கள். செர்கோஸ்போரா என்ற பூஞ்சாணம் இலையின் அடிப்பக்கத்தில்தான் தொடங்கும். முதலில் மஞ்சள் திட்டு, பிறகு அது உள்வாங்கிக் கருஊதாவாகி, மேல்பக்கமும் தெரிய ஆரம்பிக்கும். மேலே தெரியும்போது அடியில் அது ஏற்கெனவே பரவியிருக்கும். கொலெட்டோட்ரைக்கம் என்ற இன்னொரு பூஞ்சாணம் வேறு மாதிரி. நுனியிலிருந்து உள்நோக்கி, வெளிறிய பட்டையும் கரும்பட்டையுமாக வளையம் வளையமாக இறங்கும். காய்ந்த பகுதியில் ஊசிமுனை அளவு கறுப்புப் பொட்டுகள் இருக்கும். அவற்றிலிருந்துதான் வித்துகள் மழைத்துளியில் தெறித்து அடுத்த இலைக்குப் போகின்றன.

அன்றே வெட்ட வேண்டிய பாக்டீரியா அழுகலைத் தவிர, மற்றதை ஈரமான நாளில் வெட்ட வேண்டாம். காலையில், காற்று காய்ந்திருக்கும்போது, புள்ளியைத் தாண்டி நல்ல பச்சையிலிருந்து 2 செ.மீ. சேர்த்து வெட்டுங்கள். ஒரு செடிக்கு ஒரு புது பிளேடு. வெட்டிய விளிம்பில் சமையலறைப் பட்டையைப் பொடித்துத் தடவினால் சீக்கிரம் காயும். அது வேரில் மட்டும் விழக் கூடாது, வேரையும் காயவைத்துவிடும். வெட்டிய இலையை உரக்குழியில் போடாமல் குப்பையில் கட்டிப் போடுங்கள்.

அப்புறம் மருந்து. பூஞ்சாணம் என்றால் உரக்கடையில் கிடைக்கும் மான்கோசெப் 75 சதத் தூள், லிட்டருக்கு 2 கிராம். இலையின் அடிப்பக்கம் நன்றாக நனைய வேண்டும், மேலே மட்டும் அடித்தால் பிரயோஜனம் இல்லை. 10 நாள் கழித்து இன்னொரு முறை. பாக்டீரியாவுக்கு இது கேட்காது. வெட்டிய பிறகு காப்பர் ஆக்ஸிகுளோரைடு 50 சதத் தூளை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து அடிக்கலாம். மொட்டும் பூவும் இருக்கும் செடியிலும், டென்ட்ரோபியம் என்ற ஆர்கிட் வகையிலும் தாமிர மருந்து வேண்டாம், கருக்கிவிடும். பாக்கெட்டில் போட்டிருப்பதைப் படித்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, தொட்டியை வெளியே எடுத்துப்போய் அடியுங்கள். மூடிய வராந்தாவுக்குள் அடிக்கவே கூடாது.

பழைய புள்ளி எந்த மருந்துக்கும் மறையாது. புதிதாக விரியும் இலை சுத்தமாக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

புது இலையிலேயே, ஒவ்வொரு தளிரிலும், மஞ்சள் கோடுகள் திட்டுத்திட்டாக வந்து, இலை முதிரும்போது அவை கறுத்து உள்வாங்கினால் வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஓடோன்டோகுளோசம் ரிங்ஸ்பாட் வைரஸ் இரண்டும் ஆர்கிட்டில் சகஜம். இரண்டுக்கும் மருந்து கிடையாது. கத்தரி வழியாகவே ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், ஸ்பிரிட்டில் துடைத்தால் மட்டும் போகாது. நான் புது பிளேடு என்று வற்புறுத்துவது இதற்காகத்தான். எவ்வளவு ஆசையாக வளர்த்த செடியாக இருந்தாலும் அதை எடுத்துவிட வேண்டியதுதான். மற்ற செடிகளைக் காப்பாற்ற வேறு வழி இல்லை.

இத்தனையும் செய்துவிட்டு, இலை ராத்திரி ஈரமாகவே கிடந்தால் புள்ளி திரும்ப வரும். ஈரம், குளிர், அசையாத காற்று மூன்றும் ஒன்றாகச் சேரக் கூடாது. குளிரை நாம் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். மற்ற இரண்டும் நம் கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் காலை 10 மணிக்குள் தண்ணீர் ஊற்றி முடித்துவிடுங்கள், அதுவும் தொட்டியில் மட்டும். குழாய்த் தண்ணீர் சில்லென்று இருக்கும். முந்தின நாளே வாளியில் பிடித்து உள்ளே வைத்தால் குளிர்நீர் பட்டு இலையில் குழி விழாது. தொட்டிக்கும் தொட்டிக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சின்ன மேசை விசிறி ஒன்றைச் செடிமேல் நேராக அடிக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓடவிட்டால் போதும், காற்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

கூரையையும் பாருங்கள். தகரமோ பாலித்தீன் ஷீட்டோ இருந்தால் விடியற்காலையில் அதன் அடியில் நீர் கோத்து, ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டிருக்கும். வராந்தாவில் ஒரே ஒரு தொட்டியில் மட்டும் புள்ளி விடாமல் வருகிறதென்றால், காலை ஆறு மணிக்கு அதற்கு நேர் மேலே அண்ணாந்து பாருங்கள். தொட்டியை ஓரடி நகர்த்தினாலே பல சமயம் தீர்ந்துவிடும்.

மே மாதம் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சியும் ஊட்டி மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது ஊரெல்லாம் செடி வாங்குவோம். வாங்கியதை நேராக மற்ற செடிகளோடு சேர்க்காதீர்கள். ஒரு மாதம் வேறு பக்கம், வேறு தண்ணீர்க் குவளையோடு வையுங்கள். வாரம் ஒருமுறை டார்ச்சால் இலையின் அடியைப் பாருங்கள். ஜூனில் மழை பிடிப்பதற்குள் எது சுத்தம், எது சந்தேகம் என்று தெரிந்துவிடும்.