தூண்டிலில் கொடுவா மீன் பிடிக்க ஸ்பின்னிங் ரீலா, பெய்ட்காஸ்டர் ரீலா?

யூடியூபில் 'பாஸ்' என்று காட்டுவது பெரும்பாலும் அமெரிக்க ஏரிகளின் லார்ஜ்மவுத் பாஸ் மீன். எண்ணூர் கழிமுகத்தில் நமக்குக் கிடைப்பது கொடுவா. தண்ணீர் உப்பு, காற்றும் வேறு. அந்த வீடியோவைப் பார்த்து ரீல் வாங்கிவிடாதீர்கள்.

முதலில் லூரின் (செயற்கை இரையின்) எடையைப் பாருங்கள். 10 கிராமுக்குக் கீழே என்றால் ஸ்பின்னிங்தான். வீசும்போது அதன் ஸ்பூல் (தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) சுற்றாது. நரம்பு மட்டும் உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டரில் ஸ்பூலை லூர்தான் இழுத்துச் சுழற்ற வேண்டும். 15 கிராமுக்கு மேல், அலையாத்தி வேரோரமாகக் குறிபார்த்துப் போட அது அருமையான ரீல்.

அடுத்தது காற்று. மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று ஏறும். பெய்ட்காஸ்டரில், எதிர்க்காற்றில் லூர் வேகம் இழக்கும், ஸ்பூல் இழக்காது. வெளியே போக முடியாத நரம்பு ஸ்பூலிலேயே சுருண்டு சிக்காகிவிடும். பிரெய்டில் (பின்னல் நரம்பில்) சிக்கு விழுந்தால் பெரும்பாலும் கத்தரிதான்.

ஆகவே முதல் ரீல் ஸ்பின்னிங், 3000 அல்லது 4000 அளவு. தயார் செய்யும் முறை:

1. ஸ்பூலில் முதலில் பத்துச் சுற்று தங்கூசி (நைலான் நரம்பு). நேரடியாக பிரெய்டு சுற்றினால் வழுக்கும்.
2. மேலே 20 எல்பி (பவுண்டு) தாங்கும் பிரெய்டு, விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை. அதிகம் நிரப்பினால் வளையம் வளையமாகக் கொட்டும்.
3. முனையில் 40 எல்பி லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு), மூன்றடி. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி மாதிரி. வெறும் பிரெய்டு தாங்காது.
4. டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிமானம்): 20 எல்பி என்றால் ஏறத்தாழ 9 கிலோ. அதில் கால் பங்கு, அதாவது கொக்கித் தராசில் 2 கிலோ சொச்சம் காட்டும்போது நரம்பு நழுவ வேண்டும்.
5. வீசியதும் பெயிலை (நரம்பை ஸ்பூலுக்குத் திருப்பும் கம்பி வளையம்) கையால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்துவிடுங்கள். ஹேண்டிலைச் சுற்றி மூடினால் தொய்ந்த நரம்பு ஸ்பூலில் ஏறி, அடுத்த வீச்சில் முடிச்சாக வரும்.

பெய்ட்காஸ்டர்தான் வேண்டும் என்றால், லூரைக் கட்டி ராடை (தூண்டில் கம்பை) நேரே நீட்டி, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்துங்கள். லூர் மெல்ல இறங்கி, தரை தொட்டதும் ஸ்பூல் நிற்கும்வரை பக்கத் திருகை இறுக்குங்கள். காந்த பிரேக் இருந்தால் அதிகபட்சத்தில் ஆரம்பித்து, கை பழகப் பழகக் குறையுங்கள். லூர் தண்ணீரைத் தொடும் முன் பெருவிரல் ஸ்பூல் மேல் இருக்க வேண்டும். லூரை மாற்றினால் திருகையும் மாற்ற வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ராடும் தனி: அதில் நரம்பு ஓடும் வளையங்கள் மேல்பக்கம் இருக்கும்.

வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பைப்பை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு பேரிங்குக்குள் போய்விடும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.