பென்ஷனில் பாதி: பெயர் இல்லாத ஒரு வரியால் பட்ட பாடு

டர்பனில் எனக்கு விவாகரத்து ஆனபோது, கணவருடைய பென்ஷனில் பாதி எனக்கு என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தது. நாங்கள் ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் பதிவுத் திருமணம் செய்தவர்கள். தென்னாப்பிரிக்காவில் அப்படியென்றால் சொத்தும் கடனும் பொது. சரி, பணம் வந்துவிடும் என்று இருந்தேன். பென்ஷன் தரப்பிலிருந்து வந்தது கடிதம்தான். இந்த ஆர்டரை வைத்துப் பணம் தர முடியாதாம்.

தீர்ப்பைச் சமையலறை மேசையில் விரித்து மறுபடி படித்தேன். "கணவரின் வேலையிடத்துப் பென்ஷன்" என்று மட்டும் இருந்தது. அந்தப் பென்ஷன் பணத்தை வைத்திருக்கும் நிதியின் பெயரே இல்லை. 1979ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 7(8) பிரிவுப்படி, பணம் கொடுக்கச் சொல்லி அந்த நிதிக்கே ஆர்டர் உத்தரவிட வேண்டும். வக்கீலும் கவனிக்கவில்லை, நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவருடைய பழைய சம்பளச் சீட்டு ஒன்று பிள்ளைகளின் பள்ளி ஃபைலில் கிடந்தது. அதில் நிதியின் பெயர் சுருக்கமாக இருந்தது. முழுப் பெயரை போன் போட்டு எழுத்துக்கு எழுத்து கேட்டு வாங்கினேன். நல்ல வேளை, அதற்குள் சண்டை ஓய்ந்திருந்தது, அவரும் சம்மதக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் தீர்ப்பைத் திருத்தச் சொல்லி அதே நீதிமன்றத்தில் மனு.

திருத்திய ஆர்டரை அனுப்பியதும் நிதியிலிருந்து படிவம் வந்தது: ரொக்கமாகவா, வேறு நிதிக்கு மாற்றவா? ரொக்கம் என்றால் வரி என் தலையில். மாற்றச் சொல்லிவிட்டேன்.