சக்சிங்ட்: சுருங்கினால் மட்டும் போதாது

ஆங்கிலச் சொல்லான 'சக்சிங்ட்' என்பதற்கு 'சுருக்கமான' என்று மட்டும் மனப்பாடம் செய்வதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன. கால்மணி நேரத்தில் முடிந்த கூட்டத்தையும் இரண்டு நாள் ஊட்டிப் பயணத்தையும் சக்சிங்ட் என்று சொல்லக் கூடாது. அங்கே 'ஷார்ட்', 'பிரீஃப்' போதும். பதில், விளக்கம், அறிக்கை என்று சொல்லப்படும், எழுதப்படும் விஷயங்களுக்கே இந்தச் சொல் பொருந்தும்.

இதைவிடப் பெரிய தவறு, எதை வெட்டினாலும் சக்சிங்ட் ஆகிவிடும் என்று நினைப்பது. சொல்லின் வேர் லத்தீன். ஆடையைத் தூக்கிச் செருகிக் கச்சை கட்டுவதுதான் அதன் பழைய பொருள். வயலில் இறங்குபவர் வேட்டியை மடித்துக் கட்டுவதைப் பாருங்கள்: துணியில் ஒரு முழம்கூடக் குறையவில்லை, காலைத் தடுக்கும் தொங்கல் மட்டும் போய்விட்டது. சக்சிங்ட்டும் அப்படித்தான், விஷயம் முழுதாக இருக்கும், தொங்கல் இருக்காது.

"சார், நாளை லீவு" என்று ஒரு மெயில். சின்னதுதான், ஆனால் சக்சிங்ட் இல்லை. ஏன், எத்தனை நாள், வேலையை யார் பார்ப்பது என்று மேலாளர் திருப்பிக் கேட்டாக வேண்டும். "சார், காய்ச்சல், நாளை மட்டும் லீவு வேண்டும். பில் வேலையைக் குமார் பார்த்துக்கொள்வார்." பத்தே சொல், கேள்விக்கு இடமில்லை. இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. நன்னூல் 'சுருங்கச் சொல்லல்', 'விளங்க வைத்தல்' இரண்டையும் அழகுகளில் வைக்கிறது. 'குன்றக் கூறல்' என்பதைக் குற்றத்தில் சேர்க்கிறது. முதல் மெயில் குன்றக் கூறல்.

'கர்ட்' என்ற சொல்லோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வெடுக்கென்று, மரியாதைக் குறைவாகப் பேசுவது. ஒருவரைப் பாராட்ட நினைத்து அதைப் போட்டால் வசவாகிவிடும். 'டெர்ஸ்' என்பதிலும் பல இடங்களில் கொஞ்சம் கடுமை தொனிக்கும். சக்சிங்ட் பெரும்பாலும் பாராட்டுதான்.

இலக்கணத்தில் இது பெயரடை. 'இன் ஷார்ட்' உண்டு, 'இன் சக்சிங்ட்' கிடையாது. வினையோடு சேர்க்க 'சக்சிங்ட்லி' என்று வர வேண்டும். 'ஷார்ட் அண்ட் சக்சிங்ட்' என்பது கூறியது கூறல்.

எழுதும்போது மூன்று 'சி' வரும்: நடுவில் இரண்டு, கடைசி 'டி'க்கு முன் ஒன்று. பலரும் விட்டுவிடுவது அந்தக் கடைசி 'சி'யைத்தான். உச்சரிப்பில் 'சசிங்ட்' வேண்டாம். 'சக்சஸ்' போலவே முதல் 'சி'க்கு க் ஒலி, அடுத்ததற்கு ச் ஒலி. அழுத்தம் 'சிங்' மேல் விழ வேண்டும்.