சந்தா மென்பொருள் தொழிலில் கணக்கு தவறும் இடங்கள்

மென்பொருளை ஒருமுறை விலைக்கு விற்றோ, நிறுவனங்கள் கேட்டபடி செய்துகொடுத்தோ பழகியவர்கள் சந்தா முறைக்கு மாறும்போது, வாடிக்கையாளர் சேரும் நாளையே விற்பனை முடிந்த நாளாக எடுத்துக்கொள்கிறார்கள். உரிமம் விற்பவருக்கு அன்றே முழுத் தொகையும் கைக்கு வந்துவிடும். திட்ட வேலை செய்பவர் முன்பணம் கேட்கலாம். சந்தா நடத்துபவருக்கோ விளம்பரம், விற்பனையாளர் சம்பளம், புதியவருக்குப் பழக்கிக்கொடுக்கும் செலவு எல்லாம் முதலிலேயே போய்விட, வரவு மட்டும் மாதாமாதம் சிறுகச் சிறுக வருகிறது.

இந்த இடைவெளியைக் குறைவாக மதிப்பிடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. ஒருவரைச் சேர்க்க 600 செலவாகிறது, அவர் மாதம் 50 கட்டுகிறார், அதில் சர்வருக்கும் உதவிப் பிரிவுக்கும் 10 போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 40ஆல் 600ஐ வகுத்து, 15 மாதங்களில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று திட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். மாதம் 5 சதவீதம் பேர் விலகினால் இந்தக் கணக்கு நிற்காது. சேர்த்த 100 பேரில் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய 54 பேர்தான் இருப்பார்கள். விலகியவர்களுக்காகச் செலவிட்டதையும் இருப்பவர்கள் கட்டும் பணமே ஈடுகட்ட வேண்டியிருப்பதால், போட்டது திரும்ப 27 மாதங்களுக்கு மேல் ஆகும். வேகமாக வளர்ந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும், ஏனெனில் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதலில் 600 எடுத்துவைக்க வேண்டும்.

விலகலைப் புதிய விற்பனையால் நிரப்பிவிடலாம் என்ற நம்பிக்கையும் இதே கணக்கில் அடிபடுகிறது. மாதம் 50 பேர் சேர்ந்து 5 சதவீதம் பேர் விலகும் தொழில், 1000 வாடிக்கையாளர்களைத் தொடும்போது வருபவரும் போகிறவரும் சமமாகி நின்றுவிடும். அதை 2000 ஆக்க, மாதாமாதம் இரு மடங்கு பேரைச் சேர்த்துக்கொண்டே இருக்கலாம். அல்லது விலகலை 2.5 சதவீதமாகக் குறைக்கலாம். இரண்டாவது வழி பொறுமை கேட்கும், ஆனாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

பெரிய நிறுவனங்களின் வெற்றியைப் பார்த்து மாறுபவர்கள் அவற்றின் நடுக்காலத்தைக் கவனிப்பதில்லை. அடோபி 2013இல் தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தாவில் மட்டுமே தருவதாக அறிவித்தது. 2012 நிதியாண்டில் சுமார் 440 கோடி டாலராக இருந்த அதன் வருவாய் அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 405 கோடியாகவும், நிகர லாபம் சுமார் 83 கோடியிலிருந்து 29 கோடியாகவும் இறங்கின. அந்தச் சரிவைத் தாங்கும் கையிருப்பு சிறு நிறுவனத்திடம் இருக்காது.

ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே வாங்குவது நல்ல வழிதான். ஆனால் வந்த தொகையை அந்த மாத லாபமாக நினைத்துச் செலவழித்தால், மீதிப் பதினொரு மாதச் சேவையைக் கையில் காசில்லாமல் தர வேண்டிவரும்.

எதற்கெல்லாம் சந்தா பொருந்தும் என்று கேட்காமல் விடுவது மற்றொரு தவறு. பயனரின் கணினியிலேயே இயங்கி, ஆண்டுக்கணக்கில் மாற்றம் தேவைப்படாத கருவிக்கு மாதக் கட்டணம் கேட்டால், எதற்காகக் கட்டுகிறோம் என்ற கேள்வி ஒவ்வொரு மாதமும் எழும். அத்தகைய கருவியை ஒருமுறை விலைக்கு விற்று, பெரிய பதிப்புகளுக்கு மட்டும் தனிக் கட்டணம் வாங்குவதே நேர்மையானது. நிரல் எழுதும் கருவிகளைத் தயாரிக்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2015இல் சந்தா முறையை அறிவித்தபோது, பணம் கட்டுவதை நிறுத்தினால் கருவியே நின்றுவிடுமே என்று நிரலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதன்பின் ஓராண்டு கட்டியவர் ஒரு பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று நிறுவனம் விதியைத் திருத்தியது.

விலகியவர்கள் எல்லாரையும் ஒரே எண்ணிக்கையில் சேர்க்கவும் கூடாது. கார்டு காலாவதியாகி விடுபட்டவர் பொருளை வெறுத்துப் போனவர் அல்லர். அவருக்கு முன்னறிவிப்பு அனுப்பி, சில நாள் இடைவெளியில் மீண்டும் கட்டணம் எடுக்க முயன்றாலே பலர் திரும்பிவிடுவார்கள். மனமறிந்து விலகுபவரைத் தடுக்க ரத்து செய்யும் பொத்தானை ஒளித்துவைப்பதை என்னால் ஏற்கவே முடியாது. அப்படிச் செய்தால் அவர் வங்கியில் சொல்லிக் கட்டணத்தை நிறுத்துவார், எந்த வசதி இல்லாததால் போனார் என்பதும் நமக்குத் தெரியாமலே போகும்.