ஈறுப் பை அளவு: சீட்டில் உள்ள எண்களைப் படிப்பதும், வீட்டில் ஈறைக் கவனிப்பதும்

"வயசானா பல்லு ஆடத்தானுங்க செய்யும். அப்பாருக்கும் இப்படித்தான் ஆடுச்சு" என்று ஈரோடு, கோபி பக்கம் பலரும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். பல் ஆடுவதற்குப் பெரும்பாலும் காரணம் வயது அல்ல, வருடக்கணக்கில் வலியே இல்லாமல் உள்ளே வளரும் ஈறு நோய். வலி இல்லாததால் அதை நேரத்தோடு காட்டிக்கொடுப்பவை முக்கியமாக இரண்டு: இரத்தக் கசிவு, பல் மருத்துவர் எடுக்கும் மில்லிமீட்டர் கணக்கு. அந்தக் கணக்கைப் படிக்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

1. எதை அளக்கிறார்கள்?

ஈறு அதன் விளிம்பிலேயே பல்லோடு ஒட்டியிருப்பதில்லை. கொஞ்சம் கீழே போய்த்தான் ஒட்டும். நடுவில் உள்ள இடுக்கின் ஆழம் நல்ல ஈறில் 1 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். பல்லில் படியும் பிளேக் என்ற ஒட்டும் படலத்தை எடுக்காமல் விட்டால் அதிலுள்ள கிருமிகளால் ஈறு வீங்கும். நாளாக நாளாக ஒட்டு விட்டுப்போய் இடுக்கு ஆழமாகும், பல்லைத் தாங்கும் எலும்பும் கரையும். இப்படி ஆழமான இடுக்குதான் ஈறுப் பை. டாக்டர்கள் பாக்கெட் என்பார்கள்.

அளக்கும் கருவி மெல்லிய கம்பி போல இருக்கும். நுனி மழுங்கல், மேலே மில்லிமீட்டர் கோடுகள். அதை இடுக்கில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் கன்னப் பக்கம் மூன்று இடம், நாக்குப் பக்கம் மூன்று இடம் என ஆறு இடத்தில் பார்ப்பார்கள். "மூணு, ரெண்டு, அஞ்சு" என்று டாக்டர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார். ஈறு வீங்கிய இடத்தில் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான்.

2. சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

"ஏனுங்க டாக்டர், பாக்கெட் அளவு எழுதின சீட்டை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்று கேளுங்கள். பல இடங்களில் பல்லை மேலோட்டமாகப் பார்த்து க்ளீனிங் செய்து அனுப்பிவிடுவார்கள். ஈறில் இரத்தம் வருகிறவர்கள் அளக்கச் சொல்லியே கேட்கலாம். செலவுக்குத் தயங்குகிறவர்களுக்குக் கோவை, திருச்செங்கோடு, குமாரபாளையத்தில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் பொறுமையாக அளப்பார்கள்.

3. எண்களைப் படிப்பது

சீட்டில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

36 – கன்னப் பக்கம் 3 2 5, நாக்குப் பக்கம் 3 3 6

36 என்பது கீழ்த்தாடையில் இடப்பக்கத்து முதல் பெரிய கடைவாய்ப்பல். இந்தச் சீட்டில் மூன்று எண்களும் முன், நடு, பின் என்ற வரிசையில் இருக்கின்றன. முன்பக்கமும் நடுப்பக்கமும் 2, 3 என்று நன்றாக இருக்கின்றன. கோளாறு பின்பக்கத்தில். அதாவது அதற்கும் அடுத்த 37-ஆம் பல்லுக்கும் நடுவில் பை ஆழமாகியிருக்கிறது. கொத்துக்கறி நாரோ நிலக்கடலைத் துணுக்கோ அடிக்கடி மாட்டிக்கொள்கிற இடமும் அதுவாகவே இருக்கலாம்.

1 முதல் 3 வரை, இரத்தம் இல்லை என்றால் நல்லது. 4 வந்தால் கவனிக்க வேண்டும். 5, 6 என்றால் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்யும் சிகிச்சை தேவைப்படும். 7, அதற்கு மேல் என்றால் நோய் முற்றியிருக்கிறது, ஈறு நோய் நிபுணரைப் பார்ப்பது நல்லது.

எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் அளக்கும்போது இரத்தம் வந்தது என்று பொருள். இரத்தம் வராத 4-ஐ விட இரத்தம் வரும் 4 அவசரமானது. ஈறு கீழே இறங்கி வேர் தெரிந்தால் அந்த இறக்கத்தையும் கூட்ட வேண்டும். பை 3, இறக்கம் 3 என்றால் பல் இழந்த பிடிப்பு ஏறக்குறைய 6. பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு உள்ளே நோய் இருந்தாலும் இரத்தம் குறைவாகத்தான் வரும். அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈறு தடித்து மேலே வளர்வதாலேயே எண் கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், பெயரை மட்டும் பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

4. முதலில் காரை போக வேண்டும்

பிளேக் இறுகிக் காரையாகிவிட்டால் எந்த பிரஷ்ஷுக்கும் பெயராது. மஞ்சள் தேய்ப்பதும் உப்புத்தண்ணீர் கொப்பளிப்பதும் ஈறுக்கு இதமாக இருக்கும், காரையைக் கரைக்காது. 4 மி.மீ.யைத் தாண்டிய ஆழத்துக்கு வீட்டில் எதுவும் ஒழுங்காக எட்டாது.

"க்ளீனிங் பண்ணுனா பல்லு ஆடிப்போகும்" என்ற பயம் நம் பக்கம் ரொம்ப ஆழம். நடப்பது வேறு. கரைந்த எலும்பின் இடத்தைக் காரை அடைத்துக்கொண்டு, ஆடும் பல்லைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் சந்தும் வெளியே தெரிகின்றன. வீக்கம் வடிந்து ஈறு இறுகும்போது ஆட்டம் ஓரளவு குறையவும் செய்யும்.

5. வீட்டில் தினமும்

மென்மையான பிரஷ் எடுங்கள். செங்கல் பொடி, கரி, சாம்பல் எல்லாம் வேரைத் தேய்த்துவிடும். பிரஷ்ஷின் நாரைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில், ஈறைப் பார்த்து 45 பாகை சாய்த்து வையுங்கள். நாரில் பாதி பல்லில், பாதி ஈறில் இருக்க வேண்டும். இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைத்து, அப்புறம் ஈறிலிருந்து பல் நுனி நோக்கிச் சுழற்றி எடுங்கள். இரண்டு பல், அடுத்த இரண்டு பல் என்று நகருங்கள். காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம். கடைவாயின் நாக்குப் பக்கத்தில் கை தானாகவே அவசரப்படும், அங்கிருந்தே தொடங்கினால் விடுபடாது.

பிரஷ் பல்லிடுக்கில் போகாது, பையோ பெரும்பாலும் இடுக்கில்தான் இருக்கும். ஆகவே இரவில் சீட்டை எடுத்து, 4-ம் அதற்கு மேலும் உள்ள இடுக்குகளை இன்டர்டென்டல் பிரஷ்ஷால் (பல்லிடுக்கில் நுழையும் குட்டி பிரஷ்) சுத்தம் செய்யுங்கள். லேசான இறுக்கத்தோடு நுழையும் அளவு வேண்டும், திணிக்கக் கூடாது. அது நுழையாத சந்துக்குப் பல் நூல்: பல்லைச் சுற்றி வளைத்து, ஈறுக்குள் கொஞ்சம் இறக்கி, மேலும் கீழும் இழுங்கள். முதல் சில நாள் இரத்தம் வரும். பயந்து அந்த இடத்தை விட்டுவிட்டால் இன்னும் மோசமாகும். மென்மையாகத் தொடர்ந்தால் ஓரிரு வாரத்தில் குறைய வேண்டும்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் டாக்டர் சொன்ன நாட்களுக்கு மட்டும். அதிக நாள் போட்டால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும். சர்க்கரை உள்ளவர்கள் சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும்.

6. மறு அளவு

அடியில் சுத்தம் செய்த பிறகு பொதுவாக 6 வாரத்திலிருந்து 3 மாதத்துக்குள் திரும்ப அளப்பார்கள். பழைய போட்டோவை எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5 இருந்த இடம் 3 ஆகிப் புள்ளியும் போயிருந்தால் நீங்கள் செய்வது சரி. 6 அப்படியே நின்று இரத்தமும் வந்தால், ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஃப்ளாப் சிகிச்சை தேவையா என்று அன்றே கேளுங்கள். நடுவில் சீழ் வந்தாலோ, ஈறு திடீரென்று வீங்கினாலோ, பல் ஆட்டம் கூடினாலோ குறித்த தேதி வரை காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.