மாவுக்கட்டுப் போட்டிருக்கிறதா? மறு கைக்கு வேலை கொடுங்கள்

முத்தியால்பேட்டையில் ஸ்கூட்டர் சறுக்கி, என் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஜிம்முக்கு முழுக்கு என்றிருந்தேன். பிசியோதெரபி அக்கா சிரித்தார்: "வலது கை நல்லாத்தானே இருக்கு?"

ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்தால் மறு கைக்கும் கொஞ்சம் பலம் சேரும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் குழுவினர் 1894லேயே இதைக் கண்டார்கள். மறு கையின் தசை பருப்பதில்லை. மூளையும் நரம்பும் தசையை ஏவும் விதம்தான் தேறுகிறது. ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில வாரங்களில் கூடும் பலமும் பெரும்பாலும் இதே கணக்குதான். கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, மனம் விட வேண்டாம்.

டாக்டரிடம் கேட்டுவிட்டு, வாரம் 3 நாள், 8 முறைக்கு மேல் தூக்க முடியாத எடையாக எடுங்கள். இறக்கும்போது மெதுவாக.

கட்டுப் பிரித்த அன்று இடது கையால் குடம் தூக்க முடியவில்லைதான். காபி டம்ளர் நழுவவில்லை.