ஆயில் விளக்கு அணைந்தது, அதனாலென்ன?

சென்ற மாதம் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஓர் இளைஞர் தமது பழைய மாரிஸ் மைனர் காரின் பானட்டைத் திறந்து காட்டி, "சுவிட்சை மாத்திட்டேன் அங்கிள், விளக்கு நின்னு போச்சு" என்று பெருமையோடு சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இதையே சொன்னவன். எஞ்சினில் ஆயில் பிரஷர் குறைந்தால் டாஷ்போர்டில் எரியும் அந்த எச்சரிக்கை விளக்கு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்தான் இங்கே பேச்சு; குச்சியில் ஆயில் அளவு பார்க்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

சுவிட்சின் மேல் பழி போடுவது

ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தை நல்ல வெயிலில் ஏறி முடித்து, கிளூஃபில் ரோபோட் (டிராஃபிக் சிக்னல்) சிவப்பாகி நின்றபோது, என் வண்டியின் ஆயில் விளக்கு மினுங்கியது. ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தியதும் அணைந்தது. சுவிட்ச் கெட்டுவிட்டதென்று நானே தீர்ப்பு எழுதி, கைக்குக் கிடைத்த மலிவான புதியதொன்றை மாட்டினேன். மினுங்கல் நின்றது. மூன்றே வாரத்தில் பிக்-எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்க்ஷாஃப்டைப் பிடிக்கும் பேரிங்) தட்டத் தொடங்கியது.

அந்தச் சுவிட்ச் பிரஷரை அளப்பதில்லை. பிரஷர் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் விளக்கின் வயரை எர்த்தோடு, அதாவது வண்டியின் உலோக உடலோடு, சேர்க்கிறது, அவ்வளவே. அந்த எல்லை பெரும்பாலும் 5 முதல் 10 பிஎஸ்ஐக்குள் (பிரஷரின் அலகு) இருக்கும், சுவிட்சுக்குச் சுவிட்ச் மாறும். பின்னர் சோதித்தபோது என் பழைய சுவிட்ச் 8இலும் புதியது 5இலும் விளக்கை எரியவிட்டன. அதாவது, உண்மை சொன்னதைக் கழற்றி எறிந்துவிட்டு வாய்மூடி இருந்ததை மாட்டியிருக்கிறேன். எங்கள் வண்டிகளிலுள்ள ஏ-சீரிஸ் எஞ்சின், நல்ல நிலையில் இருந்தால், சூடேறிய பின்பும் ஓட்டத்தில் 60ஐயும் ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) 15ஐயும் ஒட்டிக் காட்ட வேண்டும். பேரிங் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால், சூட்டில் இளகிய ஆயில் அவ்வழியே வழிந்துவிட, ஐட்லிங்கில் மெதுவாகச் சுழலும் பம்ப்பால் ஈடுகொடுக்க முடிவதில்லை. கிராங்க்ஷாஃப்டை 0.010 அங்குலம் கிரைண்ட் செய்து புது பேரிங் போட ஆன செலவைவிட, சுவிட்சைக் கழற்றிய அதே துளையில் பிரஷரை அளந்து காட்டும் ஒரு மெக்கானிக்கல் கேஜைத் திருகிப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது என்பதே என்னை இன்றும் எரிச்சலூட்டுகிறது.

இளைஞரின் வண்டியிலும் கேஜ் மாட்டினோம். சூடான ஐட்லிங்கில் 6.

திருகில் வெள்ளை டேப் சுற்றுவது

ஒற்றை வயர் சுவிட்சுக்கு அதன் திருகே எர்த். டேப் சுற்றினால் அந்தத் தொடர்பு தடைபட்டு, பிரஷர் போன அன்றும் விளக்கு எரியாமல் போகலாம்.

பல்பை நம்புவது

சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடுமுன், விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் சுவிட்சின் வயரைக் கழற்றி எஞ்சின் பிளாக்கில் தொட்டுப் பாருங்கள்: அப்போது எரிந்தால் கோளாறு சுவிட்சில், எரியாவிட்டால் பல்பிலோ வயரிலோ.

"வீடு பக்கந்தானே"

ஓட்டத்தில் எரிந்தால் ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.